தோள்பட்டை இறுக்கத்துக்கு டென்னிஸ் பந்து உதவுமா?

கேள்வி: நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலமானால் தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே கல் மாதிரி இறுகிவிடுகிறது. வீட்டிலேயே பந்து வைத்துத் தேய்க்கலாமா?

பதில் 1: தாராளமாகச் செய்யுங்கள் சகோ. எடுத்ததுமே தரையில் படுக்க வேண்டாம், சுவரில் சாய்ந்து செய்தால் எவ்வளவு அழுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கும். பந்தை நீளமான பழைய சாக்ஸுக்குள் போட்டு, அதன் வாயைத் தோளுக்கு மேல் பிடித்துக்கொண்டால் நழுவாது. வலிக்கிற இடத்தில் உருட்டாமல் அரை நிமிடம் நின்று மூச்சை மெதுவாக விடுங்கள்.

பதில் 2: முதுகெலும்பு மேல் மட்டும் வைக்காதீர்கள், பக்கத்துச் சதையில்தான். கை மரத்துப்போனால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பதில் 3: அப்புறம், கெண்டைக்கால் பிடிப்புக்குச் சப்பாத்திக் கட்டையே போதும், எண்ணெய் தடவி மேல்நோக்கி லேசாக உருட்டுங்கள்.