நீண்ட எக்ஸ்போஷரில் மூலையில் எழும் ஒளிர்வு: நெல்லைச் சீமை அனுபவங்கள்

நாங்குநேரியிலிருந்து

விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் ஒமேகா சென்டாரி கோளக் கொத்தைப் படமெடுக்க நம் பகுதி கொடுத்துவைத்த இடம். டெல்லியில் அது அடிவானத்துக்கு மேல் 14 டிகிரிதான் ஏறும். நமக்கு 34 டிகிரி வரை ஏறி, பனைகளுக்கு மேலே தெளிவாக நிற்கும். அது நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஏப்ரல் நடுவில். இரவிலும் புழுக்கம் தணியாத காலம் அது. நான் சொல்லப்போகும் தொல்லைக்கு அந்தப் புழுக்கத்தோடு நேரடித் தொடர்பு உண்டு.

என்னிடம் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர். விண்மீன்களின் நகர்வோடு கேமராவைத் திருப்பும் டிராக்கரில் வைத்து ஐந்து நிமிட எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) கொடுத்தால், படத்தின் இடது மேல் மூலையில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த ஓர் ஒளிர்வு வருகிறது. மங்கிய விண்மீன்கள் தெரிவதற்காக மென்பொருளில் பிரகாசத்தைக் கூட்டினால், கால்வாசிப் படத்தை அது தின்றுவிடுகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் நான்குவழிச் சாலை விளக்கு என்றார்கள், திருநெல்வேலி நகர வெளிச்சம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நகரம் எனக்கு வடக்கே இருக்கிறது. நான் எடுத்ததோ தெற்கு வானம்.

கேமராவைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தி, அதே வானத்தை மறுபடி எடுத்தேன். வெளிச்சம் வானத்தினுடையது என்றால் படத்தில் அது எதிர் மூலைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்து லென்ஸ் மூடியைப் போட்டு, கேமராவைக் கறுப்புத் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்து, அதே ஐஎஸ்ஓவில் அதே ஐந்து நிமிடம் எடுத்தேன். அப்போதும் அதே மூலை, அதே ஊதா. வானத்தின் மேல் இருந்த பழி அத்தோடு தீர்ந்தது.

இதைத்தான் ஆம்ப் குளோ என்கிறார்கள். சென்சாரின் ஓரத்தில் சமிக்ஞையைப் பெருக்கும் மின்சுற்று இருக்கிறது. அதன் டிரான்சிஸ்டர்களில் மின்னோட்டம் பாயும்போது மிக மங்கிய அகச்சிவப்பு ஒளி பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைப் பக்கத்துப் பிக்சல்கள் நிமிடக்கணக்கில் வாங்கிச் சேர்த்துக்கொள்கின்றன. சுற்றின் சூடும் அங்கேயே சேர்கிறது. ஊதா நிறத்துக்கும் காரணம் உண்டு. பிக்சல்களின் மேலிருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மூன்றுமே அகச்சிவப்பை உள்ளே விடுகின்றன. பிறகு வெண்சமநிலைக்காக மென்பொருள் சிவப்பையும் நீலத்தையும் பெருக்குகிறது. பச்சையை அப்படியே விட்டுவிடுகிறது. சிவப்பும் நீலமும் மிஞ்சினால் ஊதாதானே. தெருவிளக்கின் வெளிச்சம் ஆரஞ்சாகவோ மங்கிய வெள்ளையாகவோ வரும். மூலையில் ஊதாவைக் கண்டால் முதலில் கேமராவைச் சந்தேகியுங்கள்.

இதற்கு மருந்து டார்க் படம். லென்ஸை மூடி, அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓ, அதே வெப்பநிலையில் இருபது முப்பது படங்கள் எடுத்து, அவற்றின் சராசரியை வானத்துப் படங்களிலிருந்து கழிக்க வேண்டும். வானைப் படமெடுக்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் அந்த ‘அதே வெப்பநிலை’யை நம் ஊரில் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் ஏறினாலே சென்சாரின் இருள் மின்னோட்டம், அதாவது வெளிச்சமே இல்லாதபோதும் சூட்டினால் பிக்சல்களில் சேரும் மின்னோட்டம், இரட்டிப்பாகிவிடும். மார்கழிக் குளிரில் எடுத்துச் சேமித்த டார்க் படங்களைச் சித்திரைப் புழுக்கத்தில் எடுத்த படங்களுக்குப் பயன்படுத்தினால் கணக்கு ஒத்துவராது. நான் அந்த இடத்திலேயே, கேமரா சூடாக இருக்கும்போதே, தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் என்று எடுக்கிறேன். பல கேமராக்கள் படக் கோப்போடு சேரும் எக்ஸிஃப் தகவலில் தம் வெப்பநிலையைப் பதிவு செய்கின்றன. அதைப் பார்த்து எது எதற்குப் பொருந்தும் என்று பிரிக்கலாம்.

படங்களை அடுக்கிச் சேர்க்கும் மென்பொருள்களான சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் இரண்டிலும் டார்க் படத்தைத் தேவைக்கேற்பப் பெருக்கியும் குறைத்தும் பொருத்தும் வசதி இருக்கிறது. ஆம்ப் குளோ உள்ள கேமராவில் அதை அணைத்துவிடுங்கள். இருள் மின்னோட்டம் கூடுகிற விகிதத்தில் இந்த ஒளிர்வு கூடுவதில்லை. ஒன்றுக்குப் பொருத்தினால் மற்றது மிஞ்சும், அல்லது மூலை கறுத்துப்போகும்.

இன்னொன்று. கழிப்பதால் ஒளிர்வு போகும். அது விட்டுச்சென்ற இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிச் சிதறல்) போகாது. அந்த மூலையில் பொடிப்பொடியாக அது தங்கியே தீரும். எனவே முக்கியமான பொருளை அந்த மூலைக்கு எதிர்ப்பக்கம் வருமாறு சட்டகத்தை அமைப்பதே நல்லது.

ராதாபுரத்திலிருந்து

அண்ணாச்சி சொன்ன பீரோ சோதனை அருமையானது. என் கேமராவில் பீரோவுக்குள் ஒன்றும் வரவில்லை. ஆனால் வெளியே முக்காலியில் வைத்து, மூடியோடு எடுத்த டார்க் படத்தில் அடிப்பக்கம் ஒரு மங்கிய பட்டை தெரிந்தது. வீட்டில் இல்லாதது காட்டில் வருகிறது என்றால் வெளியிலிருந்து எங்கோ நுழைகிறது என்றுதானே பொருள்?

எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி செய்தேன். இருட்டறையில் லென்ஸை மூடி வைத்து, ஒவ்வொரு படமும் ஒரு நிமிடம். ஒரு படத்தின்போது டார்ச்சை, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் அடித்தேன். அடுத்த படத்தில் லென்ஸ் பொருந்தும் வளையத்தில், அதற்கடுத்து மெமரி கார்டு கதவில். வியூஃபைண்டர் படம் மட்டும் வெளுத்திருந்தது. எக்ஸ்போஷர் நடக்கும்போது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே எழுந்து அந்த வழியை மூடிக்கொள்கிறது. ஆனாலும் விளிம்பில் இம்மியளவு இடைவெளி இருக்கும். பகலில் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் எடுக்கும் படத்துக்கு அது பொருட்டே இல்லை. ஐந்து நிமிடத்துக்குப் பொருட்டு.

எங்கள் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று முக்காலியையே சாய்த்துவிடும். அதனால் காரின் மறைவில் கேமராவை வைப்பேன். சிவப்பு டார்ச் கேமராவுக்குப் பின்னால் தொங்கும். உள்ளே நுழைந்தது அந்த வெளிச்சம்தான். கேமரா வாரில் ஒரு சிறு ரப்பர் மூடி கோத்துத் தருவார்களே, பலரும் அது எதற்கென்று கேட்பதுண்டு. வியூஃபைண்டரை மூடத்தான் அது. தொலைந்துபோயிருந்தால் கறுப்பு இன்சுலேஷன் டேப் போதும்.

அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியைக் கழற்றி மாற்றியமைத்த கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: சில பிளாஸ்டிக் லென்ஸ் மூடிகள் அகச்சிவப்பை உள்ளே விடும். பகலில் டார்க் படம் எடுக்க வேண்டியிருந்தால் மூடிக்கு மேல் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

என்னுடையது உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா. வியூஃபைண்டர் வழியாக வெளிச்சம் நுழைய இடமே இல்லை. என் தொல்லை சூடுதான். மிரர்லெஸ்ஸில் சட்டகம் அமைக்கவும் ஃபோகஸ் செய்யவும் சென்சார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். திரையும் எரிய வேண்டும். படமெடுக்கத் தொடங்கும் முன்பே கேமரா சூடாகிவிடுகிறது. அதன் பிறகு ஒரு மணி நேரத்தில் படம் முழுவதும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள், கீழ் விளிம்பில் ஒரு வெளுப்பு.

மடக்குத் திரையை உடம்போடு ஒட்டவிடாமல் வெளியே திறந்து வைக்கிறேன். ஃபோகஸ் முடிந்ததும் திரையை அணைத்துவிடுகிறேன். பேட்டரியின் சூடு சென்சாருக்குப் பக்கத்திலேயே சேர்வதால், போலி பேட்டரி வைத்து வயர் வழியாக வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கிறேன். கணினியில் இருக்கும் 12 வோல்ட் விசிறி ஒன்றைத் தனி முக்காலியில் நிறுத்திக் கேமராவின் முதுகில் காற்றுப் படும்படி வைத்தேன். கேமராவிலேயே கட்டினால் அதிர்வில் விண்மீன்கள் நீளும். எக்ஸிஃப் வெப்பநிலை முதலில் ஏறிக்கொண்டே போய், பிறகு ஓர் இடத்தில் நிலைக்கும். நிலைத்த பிறகு எடுத்த படங்களைத்தான் சேர்க்கிறேன். டார்க் படங்களும் அப்போதே. இவ்வளவும் செய்த பிறகு இந்த வருடம் ஓரியன் நெபுலாவின் மங்கிய இறக்கைகள்வரை வந்தன. அதைக் கண்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

தை மாதத்தில் வேறொரு ஒளிர்வு வரும். அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆற்றங்கரையில் பிசான நெல் நிற்கும் வயல்களுக்குப் பக்கத்தில் பனி கடுமையாக இறங்கும். லென்ஸின் முன்கண்ணாடியில் அது படிந்தால் சிரியஸ் போன்ற பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி வட்டமாக ஓர் ஒளி பரவும். மூலையில் வராது, விண்மீனைச் சுற்றித்தான் வரும். நேரம் போகப்போக வளரும். லென்ஸைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை கட்டினால் தீர்ந்துவிடும். பட்டையை லென்ஸின் முன்விளிம்பில் கட்டுங்கள், கேமராவை ஒட்டி வேண்டாம். சென்சாருக்குச் சூடு கொடுத்த கதையாகிவிடும்.

உவரியிலிருந்து

கடற்கரையில் இருப்பதால் தென்சிலுவையைத் தண்ணீருக்கு மேலேயே பார்க்கிறோம். ஆனால் படகுகளின் விளக்கும் தென்மேற்கே கூடங்குளம் பக்கத்து வெளிச்சமும் உப்பீரக் காற்றில் பரவி அடிவானத்தை வெளுக்கவைக்கின்றன. அண்ணாச்சி சொன்னபடி கேமராவைத் திருப்பினால் இது இடம் மாறும். டார்க் படம் இதற்கு உதவாது. சிரிலில் பின்னணி வெளிச்சத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கழிக்கும் வழி இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

மங்கிய பச்சை அலைகளாக வானம் முழுவதும் பட்டை பட்டையாக வந்தால் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். அது காற்றொளி. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் விடும் ஒளி. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் அலைகள் நகர்ந்திருக்கும். மாசி மாதத்தில் பொழுது அடைந்த பிறகு மேற்கே செங்குத்தாக எழும் வெளிச்சக் கூம்பும் அப்படித்தான். கோள்கள் சுற்றும் தளத்தில் இருக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுத் தெரிவது. இராசிமண்டல ஒளி என்பார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அது நிமிர்ந்து நிற்கிறது. இந்த இரண்டையும் கழித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இவை வானத்தின் சொத்து.

பாளையங்கோட்டையிலிருந்து

கல்லூரியில் படிக்கிறேன். அண்ணாச்சி, அக்கா, இரண்டு சந்தேகங்கள். கேமராவிலேயே நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா? நான் பழைய கேமரா ஒன்று வாங்கப் போகிறேன். இந்த ஒளிர்வு இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட முடியுமா?

நாங்குநேரியிலிருந்து

நல்ல கேள்விகள் தம்பி. அந்த வசதி செய்வதும் டார்க் படம் எடுப்பதுதான். ஐந்து நிமிடப் படம் முடிந்ததும் ஷட்டரை மூடி இன்னொரு ஐந்து நிமிடம் தானே எடுத்துக் கழித்துக்கொள்ளும். வெப்பநிலை கச்சிதமாகப் பொருந்தும். ஒரே ஒரு படம் போதும் என்றால் தாராளமாகப் போடலாம். பல படங்களை அடுக்கிச் சேர்ப்பதற்கு அது ஆகாது: இரவில் பாதி வீணாகும், ஒற்றை டார்க் படத்தின் இரைச்சலும் ஒவ்வொரு படத்திலும் ஏறும்.

கடையில் சோதிப்பது எளிது. லென்ஸை மூடி, வியூஃபைண்டரையும் மூடி, ஐஎஸ்ஓ 1600, பல்ப் முறையில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) ஐந்து நிமிடம், ரா கோப்பாக (சென்சார் பதிந்தபடியே சேமிக்கும் கோப்பு) எடுங்கள். இரைச்சல் குறைப்பு அணைந்திருக்க வேண்டும். கேமராவின் திரையில் பார்த்தால் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். மடிக்கணினியில் போட்டுப் பிரகாசத்தை நன்றாகக் கூட்டி, நான்கு விளிம்புகளையும் பாருங்கள். சிறிது ஒளிர்வு இருந்தால் வாங்கலாம், டார்க் படத்தில் போய்விடும். கால்வாசிப் படத்துக்குப் பரவியிருந்தால் விட்டுவிடுங்கள். பின்னாளில் வானியல் கேமரா வாங்குவதானால், குளிர்விப்பு இருக்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். குளிர்விப்பு இருள் மின்னோட்டத்தை அடக்கும். மின்சுற்று விடும் ஒளியை அந்த அளவு அடக்காது. ஐஎம்எக்ஸ் 571 போன்ற புதிய சென்சார்களில் இந்தத் தொல்லை ஏறத்தாழ இல்லை.

ராதாபுரத்திலிருந்து

தம்பி, ஐந்து நிமிடம் பல்பில் நிறுத்த ரிமோட் வேண்டும். பூட்டும் பொத்தானோடு என்னிடம் ஒன்று சும்மா இருக்கிறது. எந்தக் கேமரா என்று சொல்லுங்கள். முனை பொருந்தினால் திருநெல்வேலி வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.