புதுப்பிப்பு: காலைத் தும்மலுக்குக் காரணம் பூனை அல்ல, மெத்தை

விடிந்ததும் இருபது தும்மல், இரவெல்லாம் மூக்கடைப்பு, என்ன செய்யலாம் என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் பலித்தது, "அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள்" என்ற செவிலியர் அக்காவின் யோசனை. மூக்கடைப்பைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதுவே அடைப்பை உண்டாக்கிவிடும். நான் இரண்டு மாதம் மூக்கில் ஊற்றியிருந்தேன்! நிறுத்திய பிறகு நான்கு இரவுகள் வாயால்தான் மூச்சு.

அடுத்தது, எது ஒவ்வாமை தருகிறது என்று பார்க்கும் தோல் பரிசோதனை. அதற்குச் செடிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையைச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டுமாம். தெரியாமல் போய் ஒரு முறை வெறுங்கையோடு திரும்பினேன். முடிவு எதிர்பாராதது: பூனை நிரபராதி. படுக்கைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணிதான் குற்றவாளி.

மருத்துவர் ஃபுளூட்டிகசோன் என்ற, மூக்கின் அழற்சியைத் தணிக்கும் ஸ்பிரே தந்தார். மூன்றாம் நாளே பயனில்லை என்று வீசப் பார்த்தேன். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆனது. வலது கையால் இடது துவாரத்தில், முனையை நடுச்சுவரிலிருந்து விலக்கிக் காதுப் பக்கம் சாய்த்து அடியுங்கள். நான் நேராக அடித்ததில் ரத்தம் கசிந்தது.

பழைய இலவம்பஞ்சு மெத்தையைக் கழித்துவிட்டோம். விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம்.

இப்போது காலையில் இரண்டு தும்மலோடு சரி. அம்மா மட்டும் இன்னும் பூனையை முறைக்கிறார்.