யாருக்காவது கிறிஸ்தவ நாவல் கொடுத்து மாட்டிக்கிட்டதுண்டா?

தேரிப்பனை

ஒருத்தங்களுக்கு ‘தி ஷாக்’ கொடுத்தேன். இன்னும் உறுத்துது. மகளைக் கொலைகாரன்கிட்ட பறிகொடுத்த அப்பாவை, கடவுளே கடிதாசி போட்டு ஒரு குடிசைக்குக் கூப்பிடுற நாவல்.

எங்க சேகரத்துல, அதாவது எங்க சபை வட்டாரத்துல, ஒரு அக்கா, ரிட்டயர்டு டீச்சர். பையன் பைக் விபத்துல போய் நாலு மாசம்தான் ஆகியிருந்துது. ஆறுதல் சொல்லப் போறவங்க எல்லாம் வேதாகமத்துல பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவைச் சொல்லிட்டு, காபி குடிச்சிட்டு வந்துருவாங்க. நான் பெரிய கெட்டிக்காரியாட்டம் புஸ்தகத்தைக் கொண்டுபோனேன். என் மனசுல இருந்ததெல்லாம் அந்த அடுப்படிதான். பிதாவாகிய தேவன் கறுப்பினத்து அம்மாவா நின்னு, மகளைப் பறிகொடுத்தவனுக்குச் சோறாக்கிப் போடுற இடம். நான் ஒவ்வொரு தடவையும் அழுற இடம்.

பத்தாம் நாள் திருப்பிக் கொடுத்தாங்க. “முதல் அதிகாரத்தோட நிறுத்திட்டேம்மா. பனியில வழுக்கி வழுக்கிப் போயி தபால்பெட்டியைத் திறக்கான். உள்ள கடவுள் கடிதாசி போட்டுருக்காரு.” கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. “நம்ம தெருவுக்குத் தபால்காரர் வந்தே ஒரு மாசமாச்சு.”

கேலியா, கோவமா, இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. நானும் காபி குடிச்சிட்டுத்தான் வந்தேன்.

கடைசிபெஞ்ச்

சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க, அந்தப் புக்கையே நீங்க கொடுத்திருக்கக் கூடாது. பிதாவைப் பெண்ணாக் காட்டினதை விடுங்க, பரிசுத்த ஆவிக்கு அவர் வச்ச பேரு சரயு. அயோத்தியில ஓடுற ஆறு! எழுதினவர் தன் பிள்ளைங்களுக்கும் தெரிஞ்சவங்களுக்கும்னு முதல்ல 15 பிரதிதான் எடுத்தார். அதோட நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும். பதிப்பகங்கள் வேண்டாம்னு சொன்னப்புறம் நண்பர்களே ஒரு பதிப்பகம் தொடங்கி 2007-ல போட்டாங்க. உலகமே வாங்கிச்சுங்கறதால உபதேசம் சரியாயிடுமா?

துக்க வீட்டுக்கு ஒரு வருஷம் வரைக்கும் எந்த நாவலும் கொண்டுபோகாதீங்க. அப்புறமும் கொடுத்தே ஆகணும்னா ‘கிலியட்’ கொடுங்க. 2005-ல புலிட்சர் பரிசு வாங்கின நாவல். அயோவாவுல ஒரு சின்ன ஊர், 76 வயசு போதகர், இருதய வியாதி, ஏழு வயசு மகன். அவன் பெரியவனானப்புறம் படிக்கட்டும்னு உட்கார்ந்து எழுதிட்டே இருக்கார். அற்புதம் எதுவும் கிடையாது. அவசரமாப் படிக்கிறவங்களுக்கு ஆகாது, தினம் பத்துப் பக்கம் போதும். இன்னொண்ணு, எந்த நாவலானாலும் முதல்ல நீங்க ரெண்டு தடவை படிக்கணும். ரெண்டாம் தடவை பென்சிலோட. சபையில கொடுக்கிறதா இருந்தா போதகர் ஐயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறது நல்லது, நாளைக்கு அவர்தான் பதில் சொல்லணும்.

என் அனுபவமா? ஹாஸ்டல்ல ‘லெஃப்ட் பிஹைண்ட்’ பாதி படிச்சிட்டு லீவுக்கு வந்தேன். விசுவாசிங்களை எல்லாம் இயேசு ஒரே நொடியில எடுத்துக்கிட, மத்தவங்க பூமியில விடப்படுற கதை. வாசக்கதவு திறந்து கிடக்கு, அம்மா கண்ணாடி வேதாகமத்து மேல, அடுப்புல பால் பொங்கி வழியுது, ஆளைக் காணோம். விமானத்துல ஆள் மறைஞ்சு துணி மட்டும் சீட்டுல கிடக்குமே, அதே ஞாபகம். முழங்கால் போட்டுட்டேன். அம்மா பக்கத்து வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போயிருந்தாங்க.

ஞாயிறுபள்ளி டீச்சர்

பால் பொங்கினது அருமை, ஆனா பென்சில் யோசனைக்கு நான் சாட்சி. நான் பென்சில் வைக்கல, வேற ஒருத்தர் ஸ்டேப்ளர் வச்சார்.

வாலிபப் பெண்கள் கூட்டத்துல ஒரு காலேஜ் பொண்ணுக்கு ‘ரிடீமிங் லவ்’ கொடுத்தேன். வேதாகமத்துல ஓசியா தீர்க்கதரிசி, அவருக்குத் துரோகம் பண்ணின மனைவி கோமேர், அவங்க கதைதான், 1850 வாக்குல கலிஃபோர்னியாவுல தங்கம் தோண்டப் போன காலத்துல நடக்குது. 1991-ல வந்ததை 1997-ல திருத்திப் போட்டாங்களே, நான் கொடுத்தது அந்தத் திருத்தின பதிப்பு. அதுக்கே இந்தப் பாடு.

மூணாவது ஞாயிறு, ஆராதனை முடிஞ்சு அந்தப் பொண்ணோட அம்மா நேரா என்கிட்ட வந்தாங்க. கையில புக்கு, பிரவுன் அட்டை போட்டு. செத்தேன்னு நினைச்சேன். திறந்து பார்த்தா அங்கங்க பக்கங்களைச் சேர்த்துப் பின் அடிச்சிருக்கு. “இதெல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டாம் டீச்சர்.” மன்னிப்புக் கேட்க வாயெடுக்கிறதுக்குள்ள குரலைத் தாழ்த்தி, “இவங்க எழுதினது வேற இருக்கா?”

மூத்தமருமகள்

என் மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. நகை போடாத சபை, வெள்ளைச் சேலை, முக்காடு. சாயங்காலம் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே நான் படிச்ச கதையைச் சொல்லுவேன். ஒரு தடவை ‘தி ஷன்னிங்’ சொன்னேன், அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல, பழைய முறையிலயே வாழுற ஆமிஷ்ங்கற கிறிஸ்தவ ஜனங்க கதை. கரண்ட் கனெக்‌ஷன் இல்லை, குதிரை வண்டி, பொம்பளைங்க தலையில எப்பவும் குல்லா. அத்தைக்கு ஒரே சந்தோஷம். “நம்ம ஆளுங்கதான்!”

கதையில வர்ற பொண்ணைச் சபை தள்ளி வைக்கிற இடம் வந்துது. தள்ளி வச்சவங்களோட ஒரே மேசையில சாப்பிட மாட்டாங்க, அவங்க கையால எதையும் வாங்க மாட்டாங்கன்னு விளக்கிட்டிருந்தேன். அத்தை கீரையைக் கீழே வச்சாங்க.

“என் தங்கச்சி கல்யாணத்துக்கு நானும் போகல.”

கல்யாணமாகி வந்து பதினாலு வருஷம், அவங்களுக்குத் தங்கச்சி உண்டுங்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். மறுநாள் கதை கேட்கல. நானும் சொல்லல. மிச்சத்தைச் சொல்லியிருக்கணுமோ?

மார்த்தாள்

சொல்லுங்கம்மா, சொல்லுங்க. அத்தை கேட்கிறதுக்குக் காத்திருக்காதீங்க.

கடைசிபெஞ்ச் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. ‘கிலியட்’ முழுக்கவே கடிதம்தானே? கடிதாசி வரலன்னு சொன்னவங்க கையில 200 பக்கத்துக்கு மேல ஒரு கடிதாசியையா கொடுக்கச் சொல்றீங்க? அதுவும் அப்பா மகனுக்கு எழுதினது!

கடைசிபெஞ்ச்

அதை யோசிக்கல. ஆனா சரயு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லல.

தேரிப்பனை

ஒரு வருஷம் காத்திருக்கணும்னு சொன்னீங்கள்ல, அடுத்த மாசத்தோட ஒரு வருஷம் ஆகுது. அக்கா வீட்டுக்குப் போகணும். புக்கு ஒண்ணும் கொண்டுபோகல.

டீச்சர், அந்தப் பின்னையெல்லாம் பிரிச்சீங்களா?

ஞாயிறுபள்ளி டீச்சர்

அன்னைக்கு ராத்திரியே. பதினோரு பின். அதுல ரெண்டு இடம் ஏற்கெனவே பிரிச்சு மறுபடி அடிச்ச மாதிரி இருந்துது.