பழைய பொலேரோ பிக்கப்பில் சிஆர்டிஐ இன்ஜின் ஏற்றலாமா?

சோழவந்தான் தேங்காய்க்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2009 பொலேரோ பிக்கப், பழைய டிஐ இன்ஜின் (கம்ப்யூட்டர் இல்லாத டீசல் இன்ஜின்). மதுரைக்குத் தேங்காய் ஏற்றுவேன். சிறுமலைக்கு உரமும் சிமென்டும் ஏறும், இறங்கும்போது வாழைத்தார். மலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் இப்போது முதல் கியர்தான். கரும்புகை தள்ளுகிறது, ஆயிலும் குறைகிறது. பழைய இன்ஜின் விற்கும் ஒருவர், சிஆர்டிஐ இன்ஜினை (டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து விடும் வகை) ஒயரிங்கோடு ஒரு லட்சத்துக்குள் ஏற்றித் தருகிறேன் என்கிறார். வீட்டில் அந்தப் பணத்துக்குக் கிணற்று மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

வாடிப்பட்டி ஓட்டுநர்:
அண்ணே, என் முதலாளி இப்படி ஒரு வண்டியில் ஏற்றினார். ஓடும்போது நன்றாகத்தான் இழுத்தது. மழை வந்தால் ஏதாவது ஒரு சென்சார் மக்கர் செய்யும். நடுவழியில் நின்றால் உள்ளூர் மெக்கானிக் கை வைக்க மாட்டார். ஸ்கேனர் உள்ள ஆளைத் தேட வேண்டும்.

செல்லூர் டீசல் மெக்கானிக் (ஓய்வு):
தம்பி, விற்கிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பழைய டிஐ 2523 சிசி. அவர் சொல்லும் பொலேரோ சிஆர்டிஐயும் அதே 2523 சிசிதானே? பிறகு எதற்கு ஒரு லட்சம்? சிஆர்டிஐயில் டீசலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். அதற்கு இசிஎம் என்கிற அந்தக் கம்ப்யூட்டர், சென்சார்கள், உயர் அழுத்தப் பம்ப், ஆக்சிலேட்டர் பெடல் என எல்லாமே அந்த இன்ஜினுக்குரியதாக வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஸ்டார்ட் ஆகாது, இல்லையென்றால் சரியாக ஓடாது.

முதலில் நோயைப் பாருங்கள். ஏற்றத்தில் கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கிழிசல், டீசல் தெளிக்கும் நாசில், பம்ப் காலிப்ரேஷன் (பம்ப் விடும் டீசல் அளவைச் சரிசெய்வது) என்று இந்த வரிசையில் பாருங்கள். ஹோஸ் கிழிந்த வண்டிக்கு இன்ஜினையே மாற்றச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாயில் நல்ல வார்த்தை வராது.

ஆயில் குறைவது தனிக் கதை. வண்டி சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை விட்டு விட்டுப் பலமாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. லோடில் நீலப்புகை வந்தாலும் அதே சந்தேகம்தான். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலம் என்றால் வால்வு சீலாக இருக்கலாம். அது சின்னச் செலவு.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படியுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. இன்ஜின் மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வேறு வகை இன்ஜின் என்றால், வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். உங்கள் வண்டிக்கு எட்டு வருடம் கடந்துவிட்டதால் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும்; இன்ஜின் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிற்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் பிடிப்பார். பில்லும் பழைய வண்டியின் காகிதமும் இல்லாத இன்ஜின் எந்த வண்டியிலிருந்து கழன்று வந்ததோ, போலீஸ் வந்து கேட்டால் பதில் சொல்வது நீங்கள்தான்.

சோழவந்தான் தேங்காய்க்காரன்:
ஐயா, பார்த்தேன். மூடியைத் திறந்தால் புகை பலமாகத் தள்ளுகிறது. ஹோஸிலும் கிளிப் அருகே விரிசல் இருக்கிறது. அப்படியானால் போர் வேலைதானா (இன்ஜினைப் பிரித்து சிலிண்டர், பிஸ்டனைப் புதுப்பிப்பது)?

செல்லூர் டீசல் மெக்கானிக் (ஓய்வு):
ஹோஸை இன்றைக்கே மாற்றுங்கள், இழுவை ஓரளவு திரும்பும். பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரிலும் குறைந்திருந்தால் போர் வேலைதான்: ஸ்லீவ், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்ற வேண்டும். கிராங்கை லேத்தில் அளந்து, தேவைப்பட்டால் மட்டும் கிரைண்டிங். ஹெட்டைக் கழற்றும்போதே வால்வு வேலையையும் முடித்துவிடுங்கள். இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது. பிளாக் மாறாததால் ஆர்.சி.யைத் தொட வேண்டியதில்லை. கழற்றிய பழைய பிஸ்டனையும் ரிங்கையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முதல் 1,000 கிலோமீட்டருக்கு அரை லோடுக்கு மேல் ஏற்றாதீர்கள். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.