ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதலில் ஒரு கடித டெம்ப்ளேட் செய்து வையுங்கள்

வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்பது வீடு, வங்கிக் கணக்கு, பொன்னி அரிசி எங்கே கிடைக்கும், இந்த மூன்றும்தான். கடிதம் எழுதுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆறேழு மாதம் போகட்டும், இந்த ஊரில் பாதி வாழ்க்கை தபால் பெட்டிக்குள்தான் நடக்கிறது என்று தானாகத் தெரியும்.

வாடகை வீட்டைக் காலி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈமெயில், வாட்ஸ்அப் எதுவும் செல்லாது. காலி செய்கிறோம் என்ற நோட்டீஸ் கடிதத்தைக் காகிதத்தில் அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, அது வீட்டுக்காரரிடம் போய்ச் சேர வேண்டும். ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் இதிலும் இருவரும் போட வேண்டும். வழக்கமான மூன்று மாத நோட்டீஸில் நடப்பு மாதமும் கணக்கில் வர வேண்டுமானால் அந்த மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கடிதம் அவரிடம் இருக்க வேண்டும், ஒரு நாள் பிந்தினால் ஒரு மாத வாடகை கூடுதலாகப் போகும். வேலையை விடுவதற்கும் இதே கையெழுத்துக் கதைதான். ஆன்லைனில் எடுக்கிற சந்தாக்களுக்கு மட்டும் 2022 ஜூலையிலிருந்து இணையதளத்திலேயே ரத்து செய்கிற பட்டன் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது, அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் நிம்மதி.

நான் முதல் இரண்டு வருஷம் செய்த வேலை, பழைய கடிதத்தைத் திறந்து அதிலேயே திருத்துவது. மின்சாரக் கம்பெனிக்கு எழுதிய ரத்துக் கடிதத்தை எடுத்து இன்டர்நெட் கம்பெனிக்கு மாற்றினேன், பெயரை மாற்றினேன், விலாசத்தை மாற்றினேன், வாடிக்கையாளர் எண்ணை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, இப்படி ஒரு எண் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. அதற்குள் கெடு தாண்டிவிட்டது. சேவ் வேறு அழுத்தியிருந்தேனா, மின்சாரக் கம்பெனிக்கு எழுதிய பழைய கடிதமும் போச்சு.

அதனால்தான் சொல்கிறேன், லிப்ரே ஆஃபிஸ் என்ற மென்பொருள் இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள், கடிதம் எழுத அதில் ரைட்டர் என்ற பகுதி இருக்கிறது. (அதன் பூர்வீகமே ஜெர்மனிதான். ல்யூனெபுர்க் என்ற ஊரில் ஸ்டார் ஆஃபிஸாகப் பிறந்து, 1999இல் சன் என்ற கம்பெனியின் கைக்குப் போய், ஓப்பன் ஆஃபிஸ் ஆகி, 2010இல் அதிலிருந்து பிரிந்தது.) ஒரே ஒரு மத்தியானம் ஒதுக்கி ஒரு டெம்ப்ளேட், அதாவது ஒவ்வொரு முறையும் எடுத்து நிரப்புகிற மாதிரிக் கடிதம், செய்துவிட்டால் போதும்.

பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தலைப்புப் போடுவதெல்லாம் இங்கே வேண்டாம். பொருள் வரி உண்டு, ஆனால் பொருள் என்ற வார்த்தையைப் போடாமல் விஷயத்தை மட்டும் தடித்த எழுத்தில் எழுதுவார்கள். முக்கியமானது விலாசம் உட்கார்கிற இடம். இங்கே ஜன்னல் வைத்த கவர்தான் வழக்கம், அந்த ஜன்னலுக்குள் விலாசம் சரியாகத் தெரிய வேண்டும். அதற்கு டின் 5008 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. அதில் பி வடிவத்தின்படி விலாசப் பெட்டி தாளின் இடது ஓரத்திலிருந்து 2 செ.மீ., மேலிருந்து 4.5 செ.மீ. தள்ளித் தொடங்கும், அளவு 8.5க்கு 4.5 செ.மீ.

ரைட்டரில் இதை ஸ்பேஸும் என்டரும் தட்டி நகர்த்தாதீர்கள். இன்சர்ட் மெனுவில் ஃப்ரேம் எடுத்து, இந்த அளவுகளைக் கொடுத்து, ஆங்கரை டு பேஜ் என்று வைத்து, தூரத்தை முழுப் பக்கத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள். ராப் என்ற இடத்தில் நன் என்று வைத்தால் மற்ற எழுத்துகள் பக்கத்தில் வந்து ஒட்டாது, பார்டரையும் எடுத்துவிடுங்கள். அச்செடுக்கும்போது ஃபிட் டு பேஜ் போடாமல் 100 சதவீதத்தில் எடுங்கள், இல்லாவிட்டால் இவ்வளவு அளந்ததும் வீண். மேலிருந்து 10.5, 21 செ.மீ. இடங்களில் மடித்துக் கவரில் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கிப் பாருங்கள், விலாசம் ஜன்னலை விட்டு நழுவாமல் இருந்தால் சரி.

அடுத்தது மாறுகிற விஷயங்கள். வாடிக்கையாளர் எண், ஒப்பந்த எண், கடைசித் தேதி, இதற்கெல்லாம் ஃபீல்ட்ஸில் போய் (கன்ட்ரோல் எஃப்2) ஃபங்ஷன்ஸ் பக்கத்தில் பிளேஸ்ஹோல்டர் போடுங்கள். கோண அடைப்புக்குள் சாம்பல் நிறத்தில் நிற்கும், ஒரு கிளிக் செய்து தட்டினால் அந்த இடத்தில் நீங்கள் எழுதியது வந்துவிடும். நிரப்ப மறந்தது கண்ணில் உறுத்தும், எனக்கு அன்றைக்கு இது இருந்திருந்தால் கெடு தவறியிருக்காது.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண தேதி ஃபீல்ட் போட்டால் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அன்றைய தேதிக்கு மாறிவிடும், மார்ச்சில் அனுப்பிய கடிதத்தை ஜூலையில் திறந்தால் ஜூலை என்று காட்டும், பிறகு எந்தத் தேதியில் எழுதினோம் என்று நீங்களே குழம்புவீர்கள். ஃபிக்ஸ்ட் தேதி போட்டாலோ டெம்ப்ளேட் செய்த நாளே எல்லாக் கடிதத்திலும் வரும். டாக் இன்ஃபர்மேஷனில் கிரியேட்டட் என்பதை எடுத்துப் போடுங்கள், கடிதத்தை உருவாக்கிய தேதி அப்படியே நிற்கும். எதற்கும் அனுப்பும் முன் ஒரு பிடிஎஃப் எடுத்து வைப்பது நல்லது.

எல்லாம் முடிந்ததும் ஃபைல், டெம்ப்ளேட்ஸ், சேவ் ஆஸ் டெம்ப்ளேட். சாதாரண கோப்பின் பின்னொட்டும் டெம்ப்ளேட்டின் பின்னொட்டும் நம் வாயில் ஓடிடி என்றுதான் வரும், ஆங்கிலத்தில்தான் நடு எழுத்து வேறு, படம் பார்க்கிற ஓடிடி மாதிரி எழுதியிருப்பதுதான் டெம்ப்ளேட். கன்ட்ரோல் ஷிஃப்ட் என் அழுத்தினால் வரும் பட்டியலில் அதை டபுள் கிளிக் செய்தால் பெயரில்லாத புதுக் கடிதம் திறக்கும், மூலத்துக்குச் சேதமில்லை. டெம்ப்ளேட்டையே திருத்த வேண்டுமானால் அதே பட்டியலில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து எடிட்.

"ஸேர் கெஏர்டே டாமென் உண்ட் ஹெரென்" (மதிப்புக்குரிய அம்மா, ஐயா) என்ற விளிப்பை ஒவ்வொரு முறையும் தட்ட முடியாது, அதையும் டெம்ப்ளேட்டிலேயே வைத்துவிடுங்கள். அப்புறம் அனுப்புகிற விதம், முக்கியமான கடிதம் என்றால் ஐன்வுர்ஃப் ஐன்ஷ்ரைபென் என்ற பதிவுத் தபாலைக் கேட்டு அனுப்புங்கள், பெட்டியில் போட்டதற்குப் பதிவு இருக்கும்.

அனுப்புநர் வரியில் என்ன பெயர் போடுவது என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒப்பந்தத்தில் உள்ள பெயர், அதுவே தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே ஃபிளாட் எண்ணைப் பார்த்துத் தபால் போடுவது அபூர்வம், பெட்டியில் பெயரைத்தான் தேடுவார்கள். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர்தானே இருக்கிறது, பதில் கடிதமும் ஹெர் (திரு) போட்டு அப்பா பெயருக்குத்தான் வரும். பெட்டியில் உங்கள் பெயரை மட்டும் ஒட்டியிருந்தால் அப்பா பெயரையும் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.