‘தி லாட்டரி’: ஐரனியும் சமூகப் பிரச்சினையும் தேர்வில் எப்படி எழுதுவது?

கேள்வி
வணக்கம். ஆங்கில வகுப்பில் ஷெர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’ (1948) சிறுகதை முடிந்துவிட்டது: ஒரு கிராமமே ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி, சீட்டு விழுந்தவரைக் கல்லால் அடித்துக் கொல்லும் கதை. அடுத்த வாரம் தேர்வு. சிம்பல் (குறியீடு), ஐரனி (முரண்நகை), ஃபோர்ஷேடோயிங் (பின்னால் வருவதை முன்கூட்டியே உணர்த்துவது) எல்லாவற்றுக்கும் விளக்கம் மனப்பாடம். கதையை வைத்து எழுதச் சொன்னால்தான் கை ஓடவில்லை. சமூகப் பிரச்சினை கேள்விக்கு மூடநம்பிக்கை பற்றி ஒரு பக்கம் எழுதியும் பாதி மதிப்பெண்தான். எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1
விளக்கத்தை மூடி வைத்துவிட்டுக் கதையைப் பென்சிலோடு இன்னொரு முறை படியுங்கள். முடிவு தெரிந்த பிறகுதான் ஃபோர்ஷேடோயிங் கண்ணில் படும். இரண்டாவது பத்தியிலேயே ஒரு சிறுவன் பை நிறையக் கல் நிரப்புகிறான். மற்ற பையன்கள் வழவழப்பான உருண்டைக் கற்களாகப் பொறுக்குகிறார்கள். முதல் வாசிப்பில் அது விளையாட்டு. கடைசியில் ஊரே கையில் எடுப்பது அந்தக் கற்களைத்தான்.

எந்த இடம், அங்கே என்ன நடக்கிறது, அது எதற்காக அங்கே இருக்கிறது: மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதை விடுவதால்தான் மதிப்பெண் போகிறது.

தலைப்பே சிச்சுவேஷனல் ஐரனி. லாட்டரி என்றால் பரிசு என்று நினைப்போம், இங்கே விழுவது கல்லடி. இதைப் பலர் டிராமாட்டிக் ஐரனி என்று எழுதிவிடுகிறார்கள். அதற்குப் பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கதையில் ஊருக்கே தெரியும், நமக்குத்தான் தெரியாது.

மறுமொழி 2
சமூகப் பிரச்சினையைக் கதைக்கு வெளியே தேடாதீங்க. கடைசியில கல்லடி படுற டெஸ்ஸியைப் பிடிச்சுக்கோங்க. சீட்டு எடுக்கப் புருஷனை முன்னால போகச் சொல்றப்போ அவ குரல்ல பயமே இல்லை, சுத்தி நிக்கிறவங்க சிரிக்கிறாங்க. சீட்டு தன் குடும்பத்துக்கு விழுந்ததும் ‘இது நியாயமில்லை’ன்னு கத்துறா. அதோட நிக்கல, கட்டிக்கொடுத்த மகளையும் மருமகனையும் சீட்டெடுக்க வைங்கன்னு கேக்குறா! தன் ஆபத்தைக் குறைக்க மகளையே உள்ளே இழுக்கிறா. அநியாயம் தன் வீட்டு வாசலுக்கு வர்ற வரைக்கும் அது அவளுக்கு வழக்கம்தான். பத்தியோட முதல் வரி இதுவா இருக்கட்டும். மூடநம்பிக்கை அப்புறம் தானா வரும்: பழைய சடங்குல பாதி ஊருக்கு மறந்துபோச்சு, கல்லை மட்டும் மறக்கல.

மறுமொழி 3
ஒரு குறிப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டுகளைப் போட்டு வைக்கும் கறுப்புப் பெட்டியை மெட்டஃபர் (உருவகம்) என்று எழுதாதீர்கள். ‘முகமலர்’ என்னும்போது அங்கே மலர் இல்லை, அது உருவகம். ‘மலர்முகம்’ உவமை. பெட்டியோ கதைக்குள் நிஜமாகவே முக்காலிமேல் இருக்கிறது. ஒரு பக்கம் சிதைந்து, சாயம் போய், ஆனாலும் புதுசு செய்ய ஊராருக்கு மனமில்லாமல். இருக்கும் பொருளே கூடுதலாக ஒன்றைச் சொன்னால் அது சிம்பல்.