சி-டு-சி கேபிளில் சார்ஜ் ஏறாத விளக்கு

கேள்வி (சத்துவாச்சாரி):
போன மாதம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கினோம். புது விளக்கில் டைப்-சி ஓட்டைதான். போனோடு வந்த 65 வாட் சார்ஜரில் சி-டு-சி கேபிள் போட்டால் சிவப்புப் புள்ளிகூட எரியவில்லை. பழைய போனின் 5 வாட் சார்ஜரில் சமர்த்தாக ஏறுகிறது! வாட் அதிகமானதால் மறுக்கிறதா? இரவெல்லாம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம்.

பதில் (குடியாத்தம், ரிப்பேர் கடை):
வாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை தம்பி. சி சார்ஜர், எதிரில் ஆள் இருப்பது தெரிந்தால்தான் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். அதற்கு விளக்கின் டைப்-சி ஓட்டையில், ஆள் இருப்பதைக் காட்டும் சிசி1, சிசி2 என்ற பின் இரண்டிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) கிரவுண்டுக்கு, அதாவது மைனஸ் பக்கம், போக வேண்டும். சில பைசா மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். உன் 5 வாட் மாதிரி, பட்டையான ஓட்டை உள்ள பழைய ஏ வகைச் சார்ஜர் யாரையும் கேட்காது, எப்போதும் 5 வோல்ட் தரும். ஒரே ரெசிஸ்டரை இரண்டு பின்னுக்கும் பொதுவாக வைத்த போர்டும் என்னிடம் வந்திருக்கிறது. அது சில கேபிளில் ஏறும், சிலதில் ஏறாது. மண்டை காய்ந்துவிடும்.

பதில் (ஆம்பூர்):
பையில் ஓடிஜி அடாப்டர் (ஒரு பக்கம் டைப்-சி முனை, மறுபக்கம் ஏ வகை ஓட்டை) இருக்கிறதா? அதைச் சி சார்ஜரில் செருகி, அதில் ஏ-டு-சி கேபிளை மாட்டிப் பாருங்கள். அந்த ரெசிஸ்டர் அடாப்டருக்குள்ளேயே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஏறுது அண்ணா! ரெசிஸ்டர் வைக்க ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?

குடியாத்தம்:
மதியம் வரை உண்டு. விளக்கைத் திறக்காமல் கொண்டு வா.